ஐந்து லட்சம் முதலாளிகள்... ஒரே டீம்! கிரீன் பே ஊரின் கால்பந்துக் கதை

அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து வடக்கே காரில் மூன்றரை மணி நேரம் போனால் கிரீன் பே வரும். விஸ்கான்சின் மாநிலத்தில், ஃபாக்ஸ் நதி மிச்சிகன் ஏரியின் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கிற ஊர். காகித ஆலைகள், இறைச்சி பதப்படுத்தும் கூடங்கள், பாலாடைக்கட்டி, சரக்குக் கப்பல் வந்துபோகும் துறைமுகம் என்று உழைத்துச் சாப்பிடுகிற ஊர். 2020-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,07,395.

இந்த ஊரின் ஸ்டேடியத்தில் எத்தனை பேர் உட்காரலாம் தெரியுமா? 81,441 பேர்! ஊரில் முக்கால்வாசிப் பேரை அப்படியே தூக்கி உள்ளே உட்காரவைத்துவிடலாம். 1960-ம் ஆண்டிலிருந்து லீக் ஆட்டங்களுக்கு டிக்கெட் மிச்சமானதே இல்லை. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பிள்ளை பிறந்த கையோடு அதன் பெயரை இந்தப் பட்டியலில் எழுதிவைக்கிற பெற்றோர் உண்டு. பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகாவது டிக்கெட் வந்தால் சரி என்ற கணக்கு!

இந்தப் பைத்தியத்துக்குக் காரணமான டீமின் பெயர், கிரீன் பே பேக்கர்ஸ். நியூயார்க், சிகாகோ, டல்லாஸ் போன்ற பெருநகர அணிகளோடு அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லில் மோதுகிறது. லீக்கில் மொத்தம் 32 அணிகள். பேக்கர்ஸ் தவிர மற்ற அணிகளெல்லாம் கோடீஸ்வரர்கள், அவர்களின் குடும்பங்கள், கூட்டாளிகள் கையில் இருக்கின்றன. பேக்கர்ஸுக்கு மட்டும் முதலாளி என்று ஒருவர் கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள்தான் அதன் பங்குதாரர்கள்.

கையில் பிடித்து ஓடும் கால்பந்து

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது மெஸ்ஸி ஆடுகிற கால்பந்து கிடையாது. இதில் பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. இப்படியே இடம்பிடித்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன், 6 பாயின்ட். எந்தப் பக்கம் ஓடுவது, யாருக்கு எறிவது என்று களத்தில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். டீமின் மூளையும் கையும் அவர்தான்.

சீசன் சின்னது. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்துக்குள் ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டங்கள்தான். அதில் சொந்த ஊரில் எட்டோ ஒன்பதோ. அதற்குப் பிறகு 14 அணிகள் நாக்அவுட் சுற்றுக்குப் போகும். அங்கே தோற்றால் அன்றோடு கதை முடிந்தது. கடைசியில் மிஞ்சும் இரண்டு அணிகள் மோதுவதுதான் சூப்பர் பௌல். ஆட்டங்கள் இவ்வளவு குறைவு என்பதால்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஊருக்குத் திருவிழாவாகிவிடுகிறது.

500 டாலரில் பிறந்த அணி

1919 ஆகஸ்ட் மாதம். உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் சில இளைஞர்கள் கூடி ஒரு டீம் அமைக்கிறார்கள். கூட்டத்தைக் கூட்டியவர்கள் கர்லி லாம்போ, பத்திரிகையாளர் ஜார்ஜ் கால்ஹூன். லாம்போ வேலை பார்த்தது ‘இந்தியன் பேக்கிங் கம்பெனி’ என்ற இறைச்சி டின் நிறுவனத்தில். சீருடைக்கும் சாமான்களுக்கும் அந்த கம்பெனி 500 டாலர் கொடுத்தது. அதனால் டீமுக்கு ‘பேக்கர்ஸ்’ என்று பெயர் வந்தது. கம்பெனி சீக்கிரமே கைமாறிக் காணாமல் போனது. பெயர் மட்டும் நூறாண்டு தாண்டி நிற்கிறது.

1921-ல் பேக்கர்ஸ் லீக்கில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் லீக்கில் இப்படிப்பட்ட சிறிய ஊர் அணிகள்தான் நிறைய. ஒஹாயோவில் கேன்டன், மினசோட்டாவில் டலூத், இலினாயில் டிகேட்டர் என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகக் கலைந்தன, அல்லது பெருநகரத்துக்குக் குடிபெயர்ந்தன. டிகேட்டர் அணிதான் இன்றைய சிகாகோ பேர்ஸ். போர்ட்ஸ்மத் அணி 1934-ல் டெட்ராய்ட்டுக்குப் போய் லயன்ஸ் ஆனது. அந்தத் தலைமுறைச் சிற்றூர் அணிகளில் பிறந்த ஊரிலேயே இருந்து தப்பிப் பிழைத்தது கிரீன் பே மட்டும்தான்.

எப்படித் தப்பியது? சாகப் போகிற நேரத்திலெல்லாம் ஊர்க்காரர்கள் பையில் கைவிட்டார்கள்.

1922-ல் மழை கெடுத்த ஆட்டங்களால் வசூல் படுத்து, கடன் ஏறியது. 1923-ல் அணியைப் பொதுமக்களின் லாபநோக்கமற்ற நிறுவனமாகப் பதிவு செய்து, ஒரு பங்கு 5 டாலர் என்று 1,000 பங்குகள் விற்றார்கள். கடைக்காரர்களும் தொழிலாளிகளும் வாங்கினார்கள்.

1931-ல் கேலரியிலிருந்து விழுந்த ஒரு ரசிகர் வழக்குப் போட்டு நஷ்டஈடு வென்றார். பணம் தர வேண்டிய இன்ஷூரன்ஸ் கம்பெனியோ திவாலாகிவிட்டது. அணி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. 1935-ல் மறுபடி ஊர் கூடி 15,000 டாலர் திரட்டி மீட்டது.

1940-களின் கடைசியில் மூன்றாவது நெருக்கடி. 1950-ல் ஒரு பங்கு 25 டாலர் என்று விற்று, ஒரு லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார்கள். ஒருவருக்கு அதிகபட்சம் 200 பங்குகள்தான் என்று அப்போதே விதி போட்டார்கள். எந்தப் பணக்காரரும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதே!

லாபமே தராத பங்கு

பிறகு 1997, 2011, 2021 என்று மூன்று முறை பங்கு விற்பனை நடந்தது. இவை அணியைக் காப்பாற்ற அல்ல, ஸ்டேடியத்தை விரிவாக்க. கடைசி முறை ஒரு பங்கின் விலை 300 டாலர். இந்த 300 டாலருக்கு என்ன கிடைக்கும்?

டிவிடெண்ட் கிடையாது. பங்கின் மதிப்பு ஏறாது. வெளியாளுக்கு விற்க முடியாது, குடும்பத்துக்குள் மாற்றிக்கொடுக்கலாம். டிக்கெட்டில் முன்னுரிமை கிடையாது. கிடைப்பது சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ், நிர்வாகக் குழுத் தேர்தலில் ஓட்டு, ஜூலை மாதத்தில் ஸ்டேடியத்தில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு. அவ்வளவுதான்.

பங்குச்சந்தை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். கிரீன் பே ரசிகரோ, வரவேற்பறையில் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் “நான் ஒரு என்.எஃப்.எல் டீம் ஓனர்” என்று பெருமை பேசுவார். பேரன் பிறந்தால் அவன் பெயரில் ஒரு பங்கு வாங்குவார்.

வேடிக்கையாகத் தெரிகிற இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கெட்டிக்காரப் பூட்டு இருக்கிறது. 1923-லேயே ஒரு விதி எழுதினார்கள். என்றைக்காவது அணியைக் கலைத்தாலோ விற்றாலோ, கடன் போக மிஞ்சும் பணம் பங்குதாரர் யாருக்கும் போகாது. உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போகும், அதைவைத்துப் போர் வீரர் நினைவுச்சின்னம் கட்டலாம் என்றார்கள். 1997-ல் அதைத் திருத்தி, பணம் அணியின் அறக்கட்டளை வழியாகத் தர்ம காரியங்களுக்குப் போகும்படி மாற்றினார்கள். ஆக, விற்பதால் யாருக்கும் பத்து பைசா லாபமில்லை. லாபமில்லாதபோது யார் விற்கப் போகிறார்கள்?

நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, தலைவருக்கு மட்டும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவைப் பகிரங்கமாக வெளியிடுவதும் இந்த அணி மட்டும்தான். இன்னொரு ஊர் இதே போல ஆரம்பிக்கலாமா என்றால் முடியாது. இன்றைய லீக் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. கிரீன் பே பழைய அணி என்பதால் விதிவிலக்கு.

ராவோடு ராவாக ஓடிய அணிகள்

இந்தப் பூட்டின் அருமை தெரிய, மற்ற ஊர்களைப் பார்க்க வேண்டும்.

1984 மார்ச் மாதம் ஒரு நள்ளிரவில், பால்டிமோர் நகரத்தின் கோல்ட்ஸ் அணி தன் சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டது. ரசிகர்கள் தூங்கி எழுந்தபோது டீம் இல்லை. 1995 சீசன் முடிந்ததும் கிளீவ்லாந்து அணியை அதன் முதலாளி பால்டிமோருக்குக் கொண்டுபோனார். 2016-ல் செயின்ட் லூயிஸ், 2017-ல் சான் டியாகோ, 2020-ல் ஓக்லாந்து ஆகிய ஊர்கள் தங்கள் அணிகளை இழந்தன. புதிய ஸ்டேடியம், பெரிய சந்தை, அதிக வருமானம் என்று கூப்பிட்ட இடத்துக்கு முதலாளிகள் போனார்கள். தலைமுறையாகக் கைதட்டிய ரசிகரைக் கேட்பார் இல்லை.

கிரீன் பே ரசிகர் தன் டீமை எவ்வளவு திட்டினாலும், அது காலையில் காணாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஊரின் அன்பு மட்டுமே அணியைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்லிவிட்டால் அது பாதிக் கதைதான். இன்னொரு பாதி, லீக்கின் வருமானப் பங்கீடு. 1961-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, எல்லா அணிகளும் சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்க அனுமதித்தது. வருகிற பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று அணிகள் ஒப்புக்கொண்டன. பெருநகர அணிகளான நியூயார்க்கும் சிகாகோவும் தங்கள் சந்தையின் பலத்தை விட்டுக்கொடுத்துச் சம்மதித்தன. இன்று கிரீன் பேக்கு வரும் தேசிய வருமானமும் நியூயார்க் அணிக்கு வருவதும் ஒரே தொகை. 2024-ல் வெளியான கணக்கின்படி அது 40 கோடி டாலருக்கும் மேல். வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பும் 1994-லிருந்து இருக்கிறது. இந்த இரண்டும் இல்லையென்றால், பங்குச் சான்றிதழ் சுவரில் இருந்திருக்கும். டீம் களத்தில் இருந்திருக்காது.

எதிரி உதவிய கதை இன்னொன்றும் உண்டு. சிகாகோ பேர்ஸ்தான் பேக்கர்ஸின் பரம வைரி. 1921-லிருந்து மோதுகிறார்கள், 200 ஆட்டங்களைத் தாண்டிவிட்டது. 1956-ல், புதிய ஸ்டேடியம் கட்ட நகராட்சி கடன் வாங்கலாமா என்று கிரீன் பேயில் பொது வாக்கெடுப்பு வந்தது. ஆதரித்துப் பேச மேடையேறியவர் பேர்ஸ் அணியின் முதலாளி ஜார்ஜ் ஹாலஸ்! தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. 1957 செப்டம்பர் 29-ல் ஸ்டேடியம் திறந்தது. முதல் ஆட்டத்தில் எதிரணி அதே சிகாகோ. பேக்கர்ஸ் 21-17 என்று வென்றது. உதவி செய்தவருக்குக் கிடைத்த கைம்மாறு!

ஆட்ட நாளில் ஊர்

லொம்பார்டி அவென்யூவில் திரும்பினால் லாம்போ ஃபீல்டு தெரிகிறது. கர்லி லாம்போ 1965-ல் காலமானபோது அவர் பெயரை வைத்தார்கள். என்.எஃப்.எல்-லில் ஓர் அணி நீண்ட காலமாகத் தொடர்ந்து ஆடிவரும் ஸ்டேடியம் இதுதான். பெரிய நகரங்களில் ஸ்டேடியத்தைச் சுற்றி நெடுஞ்சாலைகளும் கான்கிரீட்டும் இருக்கும். இங்கே ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே சாதாரண மாடி வீடுகள், புல்தரை, துணி காயும் கொல்லைப்புறம். ஆட்ட நாளில் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையில் கார் நிறுத்த இடம் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள்.

ஆட்டம் மதியம் என்றால் காலையிலேயே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். இதற்கு ‘டெயில்கேட்’ என்று பெயர். பிராட்வர்ஸ்ட் என்ற சாசேஜைப் பீரில் வேகவைத்துத் தணலில் வாட்டி, பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழக்கம் இது. பக்கத்தில் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகள். முன்பின் தெரியாதவருக்கும் தட்டில் ஒன்று வைத்து நீட்டுவார்கள். எதிரணிச் சட்டை போட்டிருந்தால் கிண்டலோடு சேர்த்து நீட்டுவார்கள்.

கூட்டத்தில் பலர் தலையில் மஞ்சள் நிறத்தில் பெரிய முக்கோணத் தொப்பி. பாலாடைக்கட்டித் துண்டு வடிவில் நுரைப்பஞ்சில் செய்தது. பால் பண்ணைகள் நிறைந்த விஸ்கான்சின்காரர்களை ‘சீஸ்ஹெட்’ என்று பக்கத்து மாநிலத்தவர் கேலி செய்ததுண்டு. 1987-ல் மில்வாக்கி இளைஞர் ஒருவர் பழைய சோபாவின் பஞ்சை வெட்டி, அந்தக் கேலியையே தொப்பியாக்கித் தலையில் வைத்துக்கொண்டார். கேலி செய்ய இனி என்ன இருக்கிறது?

உள்ளே போனால் பெரும்பாலும் நாற்காலி கிடையாது, அலுமினிய பெஞ்சுகள். டிசம்பரில் அதில் உட்கார்ந்தால் குளிர் முதுகெலும்பில் ஏறும். பழகியவர்கள் காலுக்கடியில் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுக்கொள்கிறார்கள். மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிற உடுப்பையே மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். முதல்நாள் பனி கொட்டிவிட்டால் ஸ்டேடியம் ஓர் அறிவிப்பு விடும். ஊர்க்காரர்கள் விடியற்காலையில் வரிசையில் நின்று, மண்வாரி வாங்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் பனியைத் தள்ளுவார்கள். மணிக்கணக்கில் கூலி உண்டு. ஆனாலும் பலர் வருவது கூலிக்காக இல்லை.

இந்தக் குளிருக்கு ஒரு தலபுராணமே இருக்கிறது. 1967 டிசம்பர் 31, லீக் இறுதி ஆட்டம். எதிரணி டல்லாஸ். வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் போட்டிருந்த சூடேற்றும் கம்பிகள் பழுதாகி, களம் கண்ணாடிபோல் உறைந்தது. நடுவர்களின் விசில் உறைந்து வேலை செய்யவில்லை, வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். கடைசி 16 நொடிகள் இருக்கையில் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் தானே பந்தோடு எல்லைக்கோட்டுக்குள் விழுந்தார். 21-17 வெற்றி. அன்று கேலரியில் இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். இன்று கிரீன் பேயில் வயதானவர்களை விசாரித்தால், நான் அன்று அங்கேதான் இருந்தேன் என்று சொல்பவர்கள் அதைப்போல் பல மடங்கு தேறுவார்கள்!

அந்த அணியின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி. 1958-ல் ஒரே ஓர் ஆட்டம் வென்ற டீமை 1959-ல் கையில் எடுத்து, ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை சாம்பியனாக்கினார். சூப்பர் பௌல் கோப்பைக்கே அவர் பெயர்தான். பேக்கர்ஸின் மொத்த சாம்பியன் பட்டங்கள் 13. லீக்கில் வேறு யாருக்கும் இத்தனை இல்லை.

திங்கட்கிழமை காலைத் தீர்ப்புகள்

முதலாளியே ரசிகர் என்றால் விமர்சனம் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை காலை கிரீன் பேயில் காபிக் கடை, சலூன், தொழிற்சாலை கேன்டீன் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்.

முதல் விஷயம், குவார்ட்டர்பேக். 1992-லிருந்து 2022 வரை 31 சீசன்களில் பேக்கர்ஸுக்கு முதன்மை குவார்ட்டர்பேக்குகள் இரண்டே பேர். முதலில் பிரெட் ஃபாவ், 2008 முதல் ஆரோன் ராஜர்ஸ். ஃபாவ் மூன்று முறையும் ராஜர்ஸ் நான்கு முறையும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர்கள். மற்ற ஊர்கள் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் கிடைக்காமல் இருபது வருடம் அலைந்தபோது, இங்கே வரிசையாக இரண்டு பேர். இருந்தும் அந்த 31 ஆண்டுகளில் சூப்பர் பௌல் வெற்றி இரண்டே முறைதான். 1996 சீசனில் ஒன்று, 2010 சீசனில் ஒன்று. கிரீன் பே ரசிகரின் தீராத மனக்குறை இது. சொத்து இருந்தும் அனுபவிக்கத் தெரியாமல் போய்விட்டதே என்பார்கள்.

அதற்குச் சாட்சியாக அவர்கள் எடுத்துப்போடும் காயங்கள் துல்லியமானவை. 2015 ஜனவரியில் சியாட்டில் களத்தில் பாதி ஆட்டத்தில் 16-0 என்று முன்னிலை, கடைசியில் 28-22 தோல்வி. 2021 ஜனவரியில் சொந்த மண்ணில் டாம்பா பேயுடன் அரையிறுதி. எட்டு பாயின்ட் பின்தங்கிய நிலை, எல்லைக்கோட்டுக்கு எட்டு கஜம் பாக்கி, ஆட்டம் முடிய சுமார் இரண்டு நிமிடம். நான்காவது முயற்சியில் டச்டவுனுக்குப் போகாமல், பயிற்சியாளர் மேட் லாஃப்ளூர் மூன்று பாயின்ட் தரும் உதையைத் தேர்ந்தெடுத்தார். பந்து பிறகு திரும்பிவரவே இல்லை. 31-26 தோல்வி. ‘அந்த உதை’ சரியா தப்பா என்ற பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை.

ராஜர்ஸ் 2023-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். ஃபாவ் 2008-ல் போனதும் அதே அணிக்குத்தான்! இடத்துக்கு வந்தவர் மூன்று வருடம் பெஞ்சில் காத்திருந்த ஜோர்டன் லவ். முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்து தோல்வி. திங்கட்கிழமைத் தீர்ப்புகள் கடுமையாக இருந்தன. பிறகு இளைஞர் பட்டாளம் விழித்துக்கொண்டது. 9-8 என்று தட்டுத்தடுமாறி நாக்அவுட்டுக்குப் போய், டல்லாஸை அதன் மண்ணிலேயே 48-32 என்று சாய்த்தது. திட்டிய வாய்களே, ராஜர்ஸைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பழக்கிய மாதிரிதான் இவரையும் பழக்கினார்கள் என்று பெருமை பேசின. 2025 ஆகஸ்டில் டல்லாஸிலிருந்து மைக்கா பார்சன்ஸை வாங்க, முதல் சுற்றில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு ஆண்டு வாய்ப்புகளையும் ஒரு மூத்த வீரரையும் கொடுத்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. துணிச்சல் என்றது ஒரு கட்சி. வீட்டை வளர்ந்த பிள்ளைகளை நம்பி நடத்த வேண்டும், கடன் வாங்கி அல்ல என்றது இன்னொரு கட்சி.

கோபம் அடங்கவும் செய்யும். ஃபாவ் 2009-ல் பக்கத்து மாநில வைரியான மினசோட்டா அணியில் சேர்ந்தபோது, துரோகம் என்று சட்டைகளை எரித்தவர்கள் உண்டு. 2015 ஜூலையில் அவரை அணியின் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது, ஆட்டமே இல்லாத அந்தச் சாயங்காலம் 67,000 பேர் லாம்போ ஃபீல்டில் கூடிக் கைதட்டினார்கள். வீட்டுப் பிள்ளை கோபித்துக்கொண்டு போய்த் திரும்பிவந்த கணக்கு.

இரண்டாவது விஷயம், சீசன். லீக் வெளிநாடுகளில் ஆட்டம் நடத்துவது இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. லண்டனில் ஆடாமல் கடைசிவரை தாக்குப்பிடித்த அணி பேக்கர்ஸ்தான். 2022-ல்தான் போனது. போனதே, அந்த ஆண்டு சொந்த மண்ணில் ஒன்பது ஆட்டங்கள் கிடைத்ததால்தான். காரணம் எளிது. பெருநகரத்துக்கு ஓர் ஆட்டம் போனால் பத்தோடு பதினொன்று. கிரீன் பேயில் ஓர் ஆட்டம் குறைந்தால் விடுதி, உணவகம், பெட்ரோல் பங்க், புல்தரையில் கார் நிறுத்தும் வீட்டுக்காரர் எல்லோருக்கும் வருட வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு போயிற்று. 17 ஆட்டங்களை 18 ஆக்கும் பேச்சு எழும்போதும் உள்ளூரில் முதல் கேள்வி இதுதான்: அந்தக் கூடுதல் ஆட்டம் எங்கே நடக்கும்?

கசப்பும் உண்டு

எல்லாமே தேனும் பாலும் இல்லை. 2000-ம் ஆண்டு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 29.5 கோடி டாலர் தேவைப்பட்டது. அதற்காகப் பிரவுன் மாவட்டத்தில் அரை சதவிகித விற்பனை வரி போடலாமா என்று வாக்கெடுப்பு. 53 சதவிகிதம் பேர் சரி என்றார்கள், 47 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். கால்பந்தே உயிர் என்று சொல்லப்படும் ஊரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் எதிர்ப்பு! ஆட்டத்தைப் பார்க்க டிக்கெட்டே கிடைக்காதவர் சோப்பு வாங்கும்போதெல்லாம் ஸ்டேடியத்துக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. 2015-ல் அந்த வரி முடிவுக்கு வந்தது.

டிக்கெட்டும் அப்படித்தான். சீசன் டிக்கெட்டைக் குடும்பத்துக்குள் கைமாற்றலாம் என்பதால் தாத்தா இருக்கையில் பேரன் உட்காருகிறான். தாத்தா இல்லாதவர் முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். 1994 வரை பேக்கர்ஸ் சில ஆட்டங்களை மில்வாக்கியில் ஆடியது. அந்தப் பழைய வாடிக்கையாளர்களுக்கு இன்றும் ஒவ்வோர் ஆண்டும் தனியாகச் சில ஆட்டங்கள் ஒதுக்கப்படுகின்றன. கிரீன் பேயிலேயே பிறந்து, ஒரு பங்கும் வாங்கி, லீக் ஆட்டம் ஒன்றைக்கூட உள்ளே போய்ப் பார்க்காத ‘ஓனர்கள்’ இருக்கிறார்கள்.

ஓட்டுரிமையும் பெயரளவில்தான். பயிற்சியாளரை நீக்கு என்றோ இந்த வீரரை வாங்கு என்றோ பங்குதாரர் சொல்ல முடியாது. ஜூலைக் கூட்டத்தில் கணக்கைக் கேட்கலாம், கைதூக்கலாம், புல்தரையைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால், அணியை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்ற ஒன்றை மட்டும் அந்த ஐந்து லட்சம் காகிதங்களும் சேர்ந்து சாதித்துவிட்டன. பால்டிமோரிலும் ஓக்லாந்திலும் அணியை இழந்து நின்ற ரசிகர்களிடம் கேட்டால், அதன் விலை 300 டாலருக்கு மேல் என்பார்கள்.

போக நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள், சிகாகோ வரை போனால் ஒருநாள் ஒதுக்கலாம். மில்வாக்கியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிரீன் பே. சீசன் டிக்கெட் கனவு வேண்டாம். மறுவிற்பனையில் கிடைக்கும் ஒற்றை டிக்கெட் விலை கையைக் கடிக்கும். ஆட்டம் இல்லாத நாட்களில் ஸ்டேடியத்துக்குள் வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்கலாம். வீரர்கள் களத்துக்குள் ஓடிவரும் சுரங்கப்பாதை வழியாக நடக்கவிடுவார்கள். உள்ளேயே அருங்காட்சியகம், வெளியே லாம்போ, லொம்பார்டி சிலைகள். எதிரில் ‘டைட்டில்டவுன்’ பூங்காவில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மேடு உண்டு.

குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் நல்லது. அப்போது பயிற்சி முகாம் நடக்கும். லொம்பார்டி காலத்திலிருந்து தொடரும் வழக்கம் ஒன்றை அப்போது பார்க்கலாம். ஸ்டேடியத்திலிருந்து பயிற்சி மைதானத்துக்குப் போக, ஊர்ப்பிள்ளைகள் தங்கள் சைக்கிளோடு வாசலில் காத்திருப்பார்கள். நூற்றைம்பது கிலோ எடையுள்ள வீரர், ஒன்பது வயதுப் பெண்ணின் குட்டி சைக்கிளில் முழங்கால் காதை இடிக்க மிதித்துக்கொண்டு போவார். அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் பக்கத்தில் ஓடிவருவாள். இதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், பங்கும் வேண்டாம். சாலையோரத்தில் நின்றால் போதும்.